பெருங்காய மூடி போட்ட லென்ஸ்

இன்று காலை மேசை இழுப்பறையைத் திறந்ததும் பெருங்காயம் மணத்தது. அடுப்படியில் ஒன்றும் வேகவில்லையே என்று ஒரு நொடி திகைத்தேன். பிறகுதான் உறைத்தது, உன் லென்ஸ். அதன் மூடியை ஏதோ ஒரு கல்யாண வீட்டில் தொலைத்துவிட்டு வந்தாய். நாளைக்கு வாங்கித் தருகிறேன், நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்று நான் இழுத்தடித்த நாட்களில், நீ சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மூடியைக் கழற்றிப் பொருத்திப் பார்த்தாய். கடைசியில் பெரிய பெருங்காய டப்பாவின் மூடி அதற்கென்றே செய்ததுபோல உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் நான் வாங்கி வந்த நல்ல மூடியை நீ சீண்டவே இல்லை. மணப்பெண்கள் அந்த மூடியைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிப்பு அடங்குவதற்குள் நீ படம் எடுத்திருப்பாய்.

நம் பாப்பாவுக்குக் கல்யாணம் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. மாப்பிள்ளை நல்ல பையன், அதிகம் பேசமாட்டான், சாப்பாட்டில் குறை சொல்லமாட்டான். அதெல்லாம் உனக்கு எங்கிருந்தோ தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறொரு விஷயத்துக்காக. நாள் குறித்த அன்றே பாப்பா என்னிடம் ஒன்று கேட்டாள். "மேடைக்கு யார வேணாலும் போடுங்கப்பா. பொண்ணு ரூமுக்குள்ள மட்டும் நீங்கதான் எடுக்கணும். அம்மா லென்சுல."

அந்த அறைக்குள் நான் எதற்கு? எத்தனையோ கல்யாணம் எடுத்திருக்கிறேன், எல்லாம் மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து ஜூம் போட்டு எடுத்தவை. என் முகம் எவருக்கும் தெரியாது, எனக்கு அதுதான் வசதி. கிட்டே போய் எடுக்க எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள், வேறென்ன சொல்ல.

எடுத்தேனா, ஓடிவிட்டேனா என்று கேட்பாய். சொல்கிறேன். ஆனால் உன் அண்ணனிடமிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

தல்லாகுளத்தில் ஸ்டுடியோ போட்ட புதிதில் படம் எடுப்பது நான், கம்ப்யூட்டரில் ஆல்பம் செய்வது நீ என்றுதானே பிரித்திருந்தோம். சின்ன மண்டபங்களில் பின்னால் நகர இடமில்லை என்று அந்த வைடு லென்ஸை யாரோ பயன்படுத்தியதை வாங்கினேன். வாங்கிய மாதமே பேரையூர் பக்கம் நம் குலசாமி கோயிலில் பாப்பாவுக்குக் காதுகுத்து. அவளுக்கு ஏழு வயது. மொட்டை போட்டு, சந்தனம் பூசி, உன் அண்ணன் மடியில் உட்கார்ந்து, ஊரே கேட்கிற மாதிரி கத்தினாள். கத்திய வேகத்தில் தாய்மாமன் வேட்டியெல்லாம் சந்தனம்.

எல்லாம் முடிந்து சொந்தக்காரர்களை வரிசையாக நிற்கவைத்தேன். நாற்பது பேருக்கு மேல். நான் இன்னும் பின்னால் போனால் கண்மாய்க்குள்தான் விழவேண்டும். வைடு லென்ஸை மாட்டினேன், அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கிடா வெந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருந்த உன் அண்ணன் அப்போதுதான் ஓடிவந்து வரிசையின் கடைசியில் நின்றார். "நடுவுல வரவா மாப்ள?" என்று கேட்டார். "அங்கயே நில்லுங்க மச்சான், நல்லா வந்துருக்கீக" என்று சொன்னது இந்த வாய்தான்.

அந்த லென்சுக்கு ஒரு குணம் உண்டு. நடுவில் இருப்பவரை ஒன்றும் செய்யாது, ஓரத்தில் நிற்பவரைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்துவிடும். கம்ப்யூட்டரில் நீ பார்த்திருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பாய். நான் ஆர்வக்கோளாறில் நேராகப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பேரையூருக்கே போய் அவர் கையில் கொடுத்தேன்.

உன் அண்ணன் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"மாப்ள, இந்தக் கடைசில நிக்கிறது யாரு?"

"நீங்கதான் மச்சான்."

உன் மதினி எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. தலை ஒரு பக்கம் கோணி, வயிறு பூசணிக்காய் மாதிரி உப்பி, ஒரு கை மட்டும் நீண்டு நின்றார் மனிதர். உண்மையைச் சொன்னால் எனக்கும் சிரிப்பு வந்தது, அதையும் அவர் பார்த்துவிட்டார்.

"புள்ளைக்கு மடி குடுத்தவன் நானு. சீர் கொண்டாந்தவன் நானு. என்னய மூலைல நிப்பாட்டி, இழுத்துக் கோணலாக்கி, கண்ணாடியும் போட்டுக் கொண்டாந்திருக்கீகளே மாப்ள. இத எங்க மாட்டச் சொல்றீக?"

சட்டத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். தாய்மாமனை ஓரங்கட்டியவன் என்று பேரையூர் முழுக்க என் பேர் நாறியது. ஆறு மாதம் அவர் நம் வாசலை மிதிக்கவில்லை. தீபாவளிக்குப் பாப்பாவுக்கு வரவேண்டிய பாவாடை சட்டை வந்தது, யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். நீ அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான்தான் கத்தினேன். "இந்தப் பாழாப்போன லென்ஸ வித்துத் தொலைக்கணும்!"

"லென்சு என்ன செய்யும்? நிப்பாட்டுன ஆளு மேலதான் தப்பு. குடுங்க அத இங்கிட்டு" என்று வாங்கிக்கொண்டாய்.

நாலு நாள் வீட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை நீ. குழம்புச் சட்டியை எடுத்தாய், துணி காயப்போட்ட கொடியை எடுத்தாய், குப்புறப்படுத்துத் தரையோடு தரையாகப் பாப்பாவின் கால்விரலை எடுத்தாய். ஐந்தாம் நாள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பேரையூருக்குப் பஸ் ஏறினாய். நானும் பின்னாலேயே வந்தேன், வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். உள்ளே வர முகமில்லை.

உன் அண்ணன் கயிற்றுக் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "படம் கிடம்னு பேச்செடுத்த, எந்திரிச்சுப் போயிருவேன் ஆத்தா."

"படமெல்லாம் இல்லண்ணே. மடிய மட்டும் குடு, புள்ள கால் வலிக்குதுங்குறா."

பாப்பா ஏறி உட்கார்ந்தாள். நீ அவர் காலடியில் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்தாய். ஆடு குட்டி போட்ட கதை, பருத்தி விலை, பக்கத்து வீட்டுச் சண்டை. பேசிக்கொண்டே லென்ஸை அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய்விட்டாய். மனிதர் எதற்கோ சிரித்தார், நீ எடுத்துவிட்டாய்.

அந்தப் படத்தில் முன்னால் அவருடைய இரண்டு கைகளும் இம்புட்டுப் பெரிதாகப் பாப்பாவைப் பிடித்திருக்கின்றன. அவள் காதில் புதுத்தோடு. நேர் நடுவில் அவர் முகம். பின்னால் உன் மதினி, ஆட்டுக்கொட்டகை, பருத்திக்காடு, அதற்கும் பின்னால் மலை, எல்லாம் அவரைப் பார்க்க வந்ததுபோல நிற்கின்றன. ஓரத்தில் ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் ஆட்டுரல். ஓரமாக எதை வைப்பது என்று பிற்பாடு கேட்டதற்கு, "செவத்த வைங்க, கதவ வைங்க. எம்புட்டு இழுத்தாலும் அது கோவிச்சுக்கிராது" என்றாய்.

கேமராவின் பின்பக்கத்தில் உன் அண்ணன் படத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "யோவ் மாப்ள, வேப்பமரத்துக்குக் காவலா இருக்கீரு? வந்து சாப்பிடும்." அந்த வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் இன்றைக்கும் தொங்குகிறது.

பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாய், "நீங்க எல்லாத்தையும் அள்ளணும்னு பின்னாலயே போறீக. அப்ப எல்லாமே சின்னதாப் போயிருது. முன்னால போயி ஒண்ணே ஒண்ணப் புடிங்க. மத்ததெல்லாம் தானா பின்னால வந்து நிக்கும்." பெரிய மேதை என்று அன்றைக்குக் கிண்டல் செய்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையும்தான்.

அப்புறம் நீ ஆல்பத்தோடு நிற்கவில்லை. பெண் அறை உன்னுடையது, மேடை என்னுடையது என்று ஆனது. பத்தடிக்குப் பத்தடி அறையில் பதினைந்து பெண்கள், அவர்களுடைய பைகள், பூக்கூடை, அழுகிற குழந்தை, இத்தனைக்கும் நடுவில் நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியாது. படங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பீரோவுக்குள் துணிகளோடு துணியாகக் கேமராவை வைத்து, கூறைப்புடவையை எடுக்க வருகிற பெண்ணை எடுத்திருப்பாய். நலுங்குத் தட்டுக்குக் கீழே போய், மஞ்சள் தொட வருகிற அத்தனை கைகளையும் வளையமாக எடுத்திருப்பாய். நான் கொஞ்சம் சாய்த்து எடுத்துவிட்டால் மட்டும் விடமாட்டாய். "தூணெல்லாம் குடிச்சிட்டு நிக்கிற மாதிரி இருக்கு. நேராப் புடிங்க."

ஒருமுறை கேட்டேன், எப்படி எவரும் உன் கேமராவைப் பார்த்து வெட்கப்படுவதே இல்லை என்று. போனவுடன் படம் எடுக்கமாட்டேன் என்றாய். முதலில் நாலு ஹேர்பின்னை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாயாம், பூ வைத்துவிடுவாயாம், எவளுக்காவது கொசுவம் நிற்கவில்லை என்றால் உட்கார்ந்து மடித்துவிடுவாயாம். அறையில் ஒருத்தியாக ஆன பிறகுதான் பெருங்காய மூடியைக் கழற்றுவாய்.

இனி சொல்லப்போவதைக் கல்யாண நாள் வரை எவரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் உனக்கு அது கடைசி வாரம். டாக்டர் சொல்லிவிட்டார், நான் உன்னிடம் சொல்லவில்லை, உனக்குத் தெரிந்திருந்தது. நான் எப்போதும் கதவோரத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்தவர்களை அழைத்துவருவது, மருந்துச் சீட்டை வாங்கி ஓடுவது, நர்ஸிடம் சத்தம் போடுவது, இப்படி எனக்கு ஏகப்பட்ட வேலை. எல்லாம் நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. ஒருநாள் மத்தியானம் அறையில் நாம் இருவர் மட்டும் இருந்தோம். நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய்.

"ஏங்க, கிட்ட வாங்க."

நான் எழுந்தேன். உன் முகம் மெலிந்து கண் மட்டும் பெரிதாக இருந்தது. "இரு, ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

கேட்டுக்கு எதிரே நின்று டீ குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். திரும்பி வந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தாய், ஆனால் கண் திறந்து பேசவில்லை. என்ன சொல்லக் கூப்பிட்டாய் என்பது எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பாப்பா கேட்டதும் தட்டிக்கழிக்கப் பார்த்தேன். பெற்ற மகள் கல்யாணக் கோலத்தில் இருக்கும்போதும் இந்த மனுஷன் டீ குடிக்கத்தான் போவான் என்று எனக்கே என்மேல் பயம்.

உன் லென்ஸை எடுத்துக்கொண்டு பழகப் போனேன், சிரிக்காதே. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடிந்ததும் போய் நின்றேன். முதல் நாள் எடுத்தவற்றில் முக்கால்வாசி வெறும் தரை. இரண்டாம் நாள் என் செருப்பும் என் நிழலும் நன்றாக வந்திருந்தன. மூன்றாம் நாள் செவ்வந்திக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பொறுக்கமாட்டாமல் கூப்பிட்டார்.

"என்னண்ணே, திருடப் போறவுக மாதிரி தூரமா நின்னு பாக்குறீக? கிட்ட வந்து நல்லா எடுங்க."

போய் உட்கார்ந்தேன். பூக்குவியலை மூக்கில் இடிக்கிற அளவுக்கு முன்னால் வைத்து எடுத்தேன். மஞ்சள் மலை மாதிரி பூ, அதற்குப் பின்னால் மார்க்கெட் முழுக்க, சாக்கு தூக்குபவர்கள், தராசு, கூரை. நீ எடுத்ததுபோலவே வந்துவிட்டதென்று எனக்கு ஒரே குஷி. அந்த அம்மாவிடம் காட்டினேன்.

"பூவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் மூஞ்சி எங்க?"

பார்த்தால், அவர் முகத்தைப் பூவால் மறைத்து எடுத்திருக்கிறேன். பூவுக்குக் கிட்டே போய்விட்டேன், மனுஷிக்குக் கிட்டே போகவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து லென்ஸை இழுப்பறையில் போட்டுவிட்டேன். பாப்பாவிடம் முடியாது என்று சொல்லிவிடத்தான் இருந்தேன். சொல்லப் போகும்போதெல்லாம் அவள் வேறு பேச்சை எடுத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று காலை உன் லென்ஸை மாட்டிக்கொண்டு பெண் அறைக்குள் போனேன். உன் மதினி வாசலிலேயே மறித்தார். "பொம்பளைக சீலை கட்டுற எடத்துல உங்களுக்கு என்ன வேலை?" உள்ளேயிருந்து பாப்பா, "சீலையெல்லாம் கட்டியாச்சு அத்தை. அப்பாவ விடுங்க" என்றாள். விட்டார்கள்.

கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னத்தைச் சொல்ல, நீ பார்த்திருக்கவேண்டும். நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்று நாலைந்து எடுத்தேன். எல்லாவற்றிலும் அறை பெரிதாக, அவள் எங்கோ ஒரு பொம்மையாக இருந்தாள். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"அப்பா, கிட்ட வாங்க."

"ஒரு டீ..." என்று வாய் தன்னால் ஆரம்பித்துவிட்டது. அவ்வளவுதான் வந்தது. மீதியை விழுங்கினேன்.

போனேன். அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். மூட்டு மடக்கென்றது, பெண்கள் சிரித்தார்கள். ஜடையில் குத்த வைத்திருந்த ஹேர்பின் நாலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உன் மதினியிடம் கொடுத்தேன். வாயில் கவ்விக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒருவர் பூச்சரத்தை என் தோளில் போட்டார், இன்னொருவர் கைக்குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் எவரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. குழந்தையை அதன் அம்மா வாங்கிக்கொண்ட பிறகு கேமராவைத் தூக்கினேன். ஒரு சாண் தூரம்தான். கண்ணாடிப் பொட்டு, மூக்குத்தி, மேலுதட்டில் வியர்வை எல்லாம் தெரிந்தது. உன் மூக்கு அவளுக்கு. அதை இத்தனை கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை, உன்னுடையதையும்தான்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன், இத்தனை வருடமாகச் செய்கிற வேலைதானே. அவள் விடவில்லை. மருதாணிக் கையை நீட்டி, கேமராவைத் தாண்டி, என் கன்னத்தைத் துடைத்தாள். என் விரல் பட்டனை அழுத்திவிட்டது.

அந்தப் படத்தை இப்போது முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பாதிப் படம் அவளுடைய மருதாணிக் கை. அதற்குப் பின்னால் அவள் முகம், அழுகையை அடக்கிக்கொண்டு சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் உன் மதினி, பூக்கூடை, குழந்தை, கதவுக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிற உன் அண்ணன், எல்லோரும் வந்து நிற்கிறார்கள். நான் மட்டும் படத்தில் இல்லை, ஆனால் அந்தக் கை என்னைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது.

அதற்குமேல் எடுக்கவில்லை. கேமராவைத் தரையில் வைத்தேன். "அம்மா என்னய ஒருநாள் இப்படித்தான் கூப்பிட்டாம்மா. நான் போகல" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். கல்யாணக் காலையில் சொல்கிற சேதியா அது? அவள் கையை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்ப்பா. அன்னைக்குச் சாயங்காலம் அம்மா முழிச்சப்ப ஒரு நிமிஷம் பேசுச்சு. நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க."

"என்ன சொல்லுச்சு?"

"உங்கப்பா வந்தா ஒண்ணும் கேக்காத, பக்கத்துல உட்காரச் சொல்லு, அது போதும்னுச்சு. நானும் உட்காருங்கப்பான்னு சொல்லிப் பாத்தேன், நீங்க ஓடிக்கிட்டே இருந்தீங்க, உட்காரவே இல்ல. அப்புறம் அத எப்படி உங்ககிட்டச் சொல்றது?"

முகூர்த்தத்துக்குக் கூப்பிடும்வரை அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் வேலைக்குப் போனால் முதலில் கேமராவை எடுப்பதில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவரோடுகூடப் பக்கத்து ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுகிறேன். நேரமாகிறது என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள், சலித்துக்கொள்ளட்டும். நீ என்னிடம் பெரிதாக ஏதோ சொல்லப்போகிறாய், அதை நான் தாங்கமாட்டேன் என்று பயந்துதான் அன்றைக்கு வெளியே போனேன். உட்காரத்தான் கூப்பிட்டாய் என்று தெரிந்திருந்தால் வந்திருப்பேன் புள்ள. சத்தியமாக வந்திருப்பேன்.